இனியன் வைத்த சாய்வு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி கலையரசனின் வீல் அலைன்மென்ட் கடை. அவன் கை பட்ட வண்டி நூல் பிடித்தாற்போலப் போகும் என்று ஊரில் பேர். மனைவி நந்தினியின் தம்பி இனியன் கடையில் சேர்ந்த பிறகு அந்தப் பேருக்குப் பங்காளி முளைத்தான்.

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த சினேகா ஒரு வேகக் கார் வைத்திருந்தாள். அதிலேயே சென்னைக்குப் போய் ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டுத் திரும்புவாள். வளைவில் முன்சக்கரம் பிடிக்கவில்லை என்று அவள் வந்தபோது, கம்பெனி அளவை மாற்ற முடியாது என்று கலையரசன் கைவிரித்துவிட்டான். இனியன்தான் டயரைத் தடவிப் பார்த்து, சக்கரத்தின் மேல்பாகத்தை இன்னும் சற்று உள்ளே சாய்த்துக் கொடுத்தான். ஒரேயடியாகச் சாய்த்தால் டிராக்கில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ரோட்டில் டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும், அதனால் நடுவாக வைத்திருக்கிறேன் என்றான். அதற்கப்புறம் அவள் வந்தாலே, "இனியன் இருக்காருங்களா?" என்பதுதான் முதல் பேச்சு.

அந்தக் கேள்வியைக் கேட்ட நாளெல்லாம் கலையரசனுக்குச் சோறு இறங்காது. வீட்டில் தம்பியின் பேச்சை எடுத்தால் நந்தினி மேல் எரிந்து விழுவான்.

ஒரு சனிக்கிழமை, சினேகாவோடு பேசிக்கொண்டே வேலை பார்த்த இனியன், சக்கரத்தின் திசையைப் பிடித்து நிறுத்தும் ராடின் நட்டை முறுக்க மறந்துவிட்டான். கலையரசன் பார்த்துவிட்டான். சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. வழியில் ஸ்டியரிங் இழுக்கட்டும், இவன் லட்சணம் அவளுக்குத் தெரியட்டும் என்றிருந்தது.

கார் போனபின் வாங்கிய டீ ஆறிப்போனது. டிராக்கில் அவள் எந்த வேகத்தில் வளைப்பாள் என்று நினைத்ததுமே எழுந்துவிட்டான். போன் போட்டு, செஞ்சிக்கு முன்னால் ஓரங்கட்டச் சொல்லிவிட்டு பைக்கை விரட்டினான்.

நல்லவேளை, ராடு திரும்பி அளவு மாறியிருக்கவில்லை. ரோட்டோரம் படுத்து நட்டை இறுக்கிவிட்டு எழுந்தான்.

"இனியன் அனுப்பிச்சாருங்களா? எவ்ளோ பொறுப்பு பாருங்க அவருக்கு."

இல்லை என்றால், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பாள். "ஆமாம்மா," என்றான்.

கடைக்குத் திரும்பி இனியனிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எப்ப பாத்தீங்க மாமா?"

"வண்டி கெளம்பசொல்ல, அப்பவே பாத்துட்டேன்."

இனியன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு, "இனிமே நான் முடிச்ச வண்டிய நீங்க ஒரு வாட்டி பாத்துட்டு அனுப்புங்க," என்றான்.

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. சினேகாவின் கார் வந்தால், ஒரு நட்டாவது தளர்ந்திருக்காதா என்றுதான் கலையரசன் அடியில் குனிகிறான். இதுவரை இருந்ததில்லை.