சுவர்முட்டியின் பெயர்

என் அக்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்வதுதான் வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஏழு வரை முட்டுவாள். வீடியோ கேம்களைக் கடைக்கு வருவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கும் வேலை. சேர்ந்த புதிதில், "நாள் முழுக்க விளையாடுறதுக்குக்கூட ஆள் எடுக்கிறாங்களா?" என்று நான் வயிறெரிந்தேன். முதல் வாரமே அவள் கட்டைவிரல்களைப் பார்த்ததும் அந்த வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது.

விளையாடுவது என்றால் என்ன நினைக்கிறீர்கள்? கேமில் ஒரு கோட்டை. கோட்டையில் அறுபத்திரண்டு அறைகள். ஒவ்வோர் அறையிலும் கேமில் வரும் வீரனை நடக்கவைத்து, சுவரின் ஒவ்வொரு சாணிலும் தோளால் முட்டவைக்க வேண்டும். எங்காவது அவன் சுவருக்குள் புகுந்துவிட்டால் அது பிழை. அதை எழுத வேண்டும்: என்ன செய்தால் நடக்கிறது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, பத்துக்கு எத்தனை முறை. சரிசெய்து திரும்ப வந்ததும் முதல் சுவரிலிருந்து மறுபடி முட்ட வேண்டும். இப்படிப் பதினான்கு மாதம். சக ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் சுவர்முட்டி. இரண்டு கட்டைவிரலிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும் கழற்றிவிடுவதும்கூட நான்தான். கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறைக்கைதிக்குக்கூடக் கல்லுடைக்க வெவ்வேறு கல் கொடுப்பார்களே!

இதையெல்லாம் கேம் வெளிவந்த பிறகுதான் சொன்னாள். அதுவரை மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்களாம். பத்தொன்பது பேர் உட்காரும் அந்த அறையில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரையாம்.

அந்த ரகசியம்தான் அப்பாவிடம் வினையாகிவிட்டது. அப்பா அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவர். மருந்துப் பெட்டியைக் கொடுத்தால் மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் அட்டையில் பிழை தேடுவார். பெரிய மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "விளையாடிட்டிருக்கா" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். முப்பத்துமூன்று வயதுக்காரிக்கு அது எப்படி இருக்கும்? அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"கேம் முடிஞ்சதும் அதுல வேலை செஞ்சவங்க பேரெல்லாம் வரிசையா ஓடும்பா. என் பேரும் வரும். அப்பவாச்சும் இதை வேலைன்னு ஒத்துக்குவீங்களா?"

"அச்சுல வரட்டும், ஒத்துக்கறேன்" என்றார் அப்பா.

கேம் வெளிவந்த வாரமே, சனிக்கிழமை காலையில், அக்கா கேம் ஆடும் பெட்டியை டிவியில் இணைத்தாள். அப்பா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் கையில் பென்சிலையும் வைத்திருந்தார். கேமை ஆடாமலே பெயர்ப் பட்டியலை மட்டும் ஓடவிடலாமாம். பதினொரு நிமிடம் ஓடும் என்றாள்.

பெயர்கள் கீழேயிருந்து மேலே ஏறின. படம் வரைந்தவர்கள், இசை போட்டவர்கள், விளம்பரம் செய்தவர்கள். அப்பா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். சோதித்தவர்கள் என்ற தலைப்பு வந்ததும் நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டுப் பெயர்கள். அப்பா பதினெட்டையும் படித்தார். தலைப்பு மாறியது.

அக்காவின் பெயர் வரவே இல்லை. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் கண்ணை எங்கேயோ விட்டுட்டேன் போல. மறுபடி ஓட்டும்மா" என்றார் அப்பா.

மறுபடி ஓட்டினாள். அவர் பென்சிலைத் திரைமேல் வைத்து வரிவரியாக நகர்த்தினார். இல்லை. மூன்றாவது தடவையும் கேட்டார். தன் பார்வைமேல்தான் அவருக்குச் சந்தேகமே தவிர, மகள்மேல் இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது தடவை கடைசிவரை விட்டோம். நன்றி என்ற தலைப்பின் கீழே, கேம் தயாரான காலத்தில் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் வந்தன. அதற்கும் கீழே ஒரே ஒரு பெயர்.

"இது யாரு?" என்றார் அப்பா.

"டீம் லீடரோட நாய்" என்றாள் அக்கா.

நாயா? என் அக்கா பதினான்கு மாதம் முட்டிய கோட்டையில் நாய்க்கு இடம் இருக்கிறது, இவளுக்கு இல்லையா? கத்தினேன். அக்கா கத்தவில்லை. பேயறைந்தவள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இந்த லிஸ்டை டெஸ்ட் பண்ணினதே நான்தான்டி."

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பட்டியலை அவளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து உடைகிறதா, நீளமான பெயர் ஓரத்தில் வெட்டுப்படுகிறதா, நடுவில் பொத்தானை அழுத்தினால் நின்றுபோகிறதா என்று பார்க்கச் சொல்லி. நாற்பது தடவை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஒரு பிழையும் பிடித்திருக்கிறாள். நாயின் பெயரில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. எழுதிக் கொடுத்துச் சரிசெய்ய வைத்திருக்கிறாள். பிறகு எல்லாம் சரி என்று ஒப்புதல் கொடுத்திருக்கிறாள்.

"உன் பேரைத் தேடவே இல்லையாக்கா?"

"எனக்கு அதெல்லாம் பேராவே தெரியலடி. எழுத்தாத்தான் தெரிஞ்சுது. ஓரத்தைத்தான் பார்த்தேன்."

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போனதும் முதல் காரியமாக ஒரு பிழை அறிக்கை எழுதினாள். முறைப்படிதான் எழுதினாள். செய்தது: பட்டியலைத் திறந்து முழுவதும் ஓடவிட்டேன். நடந்திருக்க வேண்டியது: சோதித்தவர்களில் பத்தொன்பது பெயர். நடந்தது: பதினெட்டு. எத்தனை முறை: மூன்றுக்கு மூன்று. விடுபட்ட பெயர் என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக, அப்பாவின் முதலெழுத்தோடு எழுதினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. டீம் லீடர் அறிக்கையை மூடியிருந்தார். அக்காவைப் போல, ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வந்தவர்களுக்குத் தனிப்பெயர் கிடையாதாம், ஏஜென்சியின் பெயர் மட்டும்தானாம். நிலை என்ற கட்டத்தில் நாலே சொல்: "பிழை இல்லை. வடிவமைத்தபடியே உள்ளது." கீழே அக்கா கையெழுத்திட்ட ஒப்புதலையும் இணைத்திருந்தார்.

அன்று மாலை அந்தப் பதிலை அப்படியே எங்களுக்குச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "ஏஜென்சி பேரு ஏழாவது நிமிஷத்துல வருது. அதையும் நான் சரி பார்த்திருக்கேன்" என்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் திருத்தின புத்தகம் எதுலயும் என் பேரு இருக்காதும்மா" என்றார். "ஒத்துக்கறேன். இது வேலைதான். வேலையிலதான் இப்படிச் செய்வாங்க."

அக்கா பிளாஸ்திரி சுற்றிய கையை நீட்டினாள். பொத்தானைக் கழற்ற நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார்.