ஜாவா இல்லாத லேப்டாப்

ஜொவிலின் பேச ஆரம்பித்தால் மேல் மாடியில் இருக்கிறவர்களும் வேலையை நிறுத்திவிடுவார்கள். பாடினால் கேட்கவே வேண்டாம். செபு தீவில் எங்கள் அலுவலகம் படகு டிக்கெட்டுக்கு நிரல் எழுதுகிறது. எல்லோரும் எழுதியதை ஒன்றாகக் கட்டி, ஓடுகிற நிரலாக வெளியே அனுப்புவதுதான் ஜொவிலினின் வேலை.

டிக்கெட் பகுதியை ஜாவா மொழியின் பழைய எட்டாம் பதிப்பில் கட்ட வேண்டும், பணம் வாங்கும் பகுதியை ஜாவா பதினேழில். ஆளாளுக்கு லேப்டாப்பில் வேறு வேறு ஜாவா வைத்திருந்ததால் யாரிடமும் முழுதாகக் கட்ட வராது. மூலையில் கிடந்த ஒரு கிழட்டுக் கணினிப் பெட்டியில் மட்டும் எல்லாம் சரியாக அமைந்திருந்தது. அமைத்தது யார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். பெட்டியின் தலையில் சிவப்பு அங்கி போட்ட குழந்தை இயேசு நின்றார். அவர் காப்பதால்தான் பெட்டி ஓடுகிறது என்பது எங்கள் தலைவர் குயா ரொமெலின் கட்சி. குயா என்றால் அண்ணன்.

"குயா, எந்தப் பகுதிக்கு எந்த ஜாவான்னு பில்ட் கோப்புலயே எழுதிடலாம். கட்டுற கருவியே அதைத் தேடி இறக்கிக்கும். எழுதி ரெடியா வெச்சிருக்கேன், சேர்த்துடட்டுமா?" என்று ஜொவிலின் கேட்காத வாரமில்லை.

"ஓடுறதை எதுக்கும்மா நோண்டுற?"

"சாமிக்கு ஆயிரம் வேலை இருக்கு குயா. நம்ம ஜாவாவையும் அவர் தலையிலயா கட்டணும்?"

எனக்கும் எரிச்சலாக வரும். இத்தனை பேர் ஒரு பெட்டியின் தயவில் பிழைக்கிறோமே!

குழந்தை இயேசுவுக்கு எடுக்கும் சினுலோக் திருவிழா வந்தது. ஊரே தன் வீட்டுச் சிலையை ஆசீர்வாதத்துக்காகக் கோயிலுக்குத் தூக்கிப்போகும். குயா ரொமெலும் காலையில் வந்து எங்கள் சிலையைத் தூக்கினார். சாமி நின்ற இடம் தூசியாக இருக்கிறதே என்று ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டியைப் பக்தியோடு துடைத்து, திரும்பச் செருகிவிட்டுப் போனார். வருஷக்கணக்காக நிற்காமல் ஓடிய பெட்டி அது. நின்றது நின்றதுதான், எழுந்திருக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஜொவிலினின் அப்பா போன் செய்தார். துறைமுக வாசலில் டிக்கெட் பார்க்கிறவர்.

"ஜோவி, பண்டிகை டிக்கெட் எதை மெஷின்ல காட்டினாலும் சிவப்பு விளக்கு எரியுது! சனம் என் சட்டையைப் பிடிக்குது. போஹோல் தீவுக்குப் படகு கிளம்பப்போகுதும்மா!"

தப்பு எங்களுடையது. சோதனை பார்க்கிற நான்தான் பிழையைக் கண்டுபிடித்தேன். ஒரே வரி, உடனே திருத்தியாயிற்று. ஆனால் கட்டி அனுப்பப் பெட்டி இல்லை.

ஜொவிலின் குயாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே மேளச் சத்தம்.

"குயா, என் வரிங்களைச் சேர்க்கிறேன்!"

"நான் வந்துடுறேன், பெட்டியை ஒருதடவை பார்த்துட்டு..."

"அங்க எங்கப்பாவை அடிக்கப்போறாங்க குயா!"

"சேர்த்துடு, சேர்த்துடு!" என்று மேளத்தை மீறிக் கத்தினார்.

ஜொவிலின் என் பக்கம் திரும்பினாள். "உன் லேப்டாப்ல ஜாவா இருக்கா?"

"எனக்கெதுக்கு ஜாவா? ஒண்ணுகூட இல்ல."

"கொண்டா அதை! என்னோடதுல பழைய ஜாவா குப்பையா கிடக்கு. கட்டும்போது எதை எடுக்கும்னே தெரியாது."

கட்டளையைத் தட்டினாள். கருவி ஜாவா எட்டைத் தேடிப் பிடித்து இறக்கத் தொடங்கியது. ஊரே வீடியோ அனுப்பிக்கொண்டிருந்ததால் இணையம் நொண்டியது. "வாடி என் தங்கமே, வா வா!" என்று ஜொவிலின் திரையைக் கெஞ்சினாள். நானும் நகத்தைக் கடித்துக்கொண்டு கெஞ்சினேன். எட்டு வந்தது. பதினேழும் வந்தது! பகுதி பகுதியாகக் கட்டி, கடைசியில் திரை பச்சையானது. சோதித்தேன், சரியாக இருந்தது. அனுப்பிவிட்டோம்.

"அப்பா, இப்போ பாருங்க!"

"சிவப்புதாம்மா... இரு, இரு..."

பீப்.

"பச்சை! பச்சை எரியுது ஜோவி!"

பிறகு போனில் பீப், பீப் என்று விடாமல் கேட்டது. நடுநடுவே சனத்தின் ஆரவாரம். ஜொவிலின் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் வராததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குயா ரொமெல் சிலையை அணைத்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார். பச்சைத் திரையைப் பார்த்தார். செத்துக் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"இவரை இனிமே எங்கம்மா வைக்கிறது?"

ஜொவிலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜன்னலாண்ட வைங்க குயா. இந்த வருஷமாச்சும் பெட்டிக்குக் காவல் இல்லாம அவர் திருவிழாவைப் பாக்கட்டும்."