பத்தொன்பது வருஷமும் ஒரு கையெழுத்தும்

தங்கை ஜெயித்தவை இவை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மனுப் போட்ட வேலைக்கு ஆறு பேரை எடுத்தார்கள், அவள் ஆறாவது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், எந்திர வரைபடம் வாசிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். அவள் வேலை பார்த்த கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆறு வருஷம் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்துகொண்டே மனு எழுதி, கடைசியில் ஒன்றைக் கட்ட வைத்தாள். பதினோரு வருஷம் நின்றபடி வேலை செய்த பிறகு உட்கார ஒரு முக்காலி வாங்கினாள். துறைத் தேர்வில் மூன்று முறை தோற்று, நான்காம் முறை தேறினாள்.

இத்தனையும் ஜெயித்தவளுக்குத் தான் செய்த வேலையின் அடியில் தன் பெயரை எழுதும் உரிமை மட்டும் பத்தொன்பது வருஷமாகக் கிடைக்கவில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் தேதியோடு தெரியும். இன்ஜின் தொழிற்சாலையின் ஊழியர் பேருந்தை ஒப்பந்த டிரைவராக ஓட்டியவர் அவர்தான். படிப்பு எட்டாம் வகுப்பு. காலையில் வண்டியை எடுக்குமுன் பிரேக்கை மிதித்துப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து, பிறகுதான் வண்டித் தாளில் கையெழுத்துப் போடுவார். பார்க்காமல் போட்டதாக ஒரு நாள்கூட இல்லை. பேருந்தில் முன் இரண்டு வரிசை இன்ஜினியர்களுடையது. அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் மழையில் நனைந்து ஏறினாலும் தொழிலாளி யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. தங்கை கடைசி வரிசையில், ஜன்னலோரம். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் முகம் தெரியும். வேலை எப்படிப் போயிற்று என்று அவர் கேட்க வேண்டியதே இல்லை.

நாட்டின் போர் விமானத்துக்குச் சொந்தமாக ஒரு இன்ஜின் செய்வதுதான் அந்தத் தொழிற்சாலையின் பிழைப்பு. முதலில் தங்கைக்குப் பாகங்களை எண்ணெய் போகக் கழுவும் வேலை. பிறகு பிளேடுக்கு மாற்றினார்கள். விரல் நீள உலோகத் தகடு அது. இன்ஜினுக்குள் அது சுற்றுகிற இடத்துச் சூட்டில் அந்த உலோகமே உருகிப்போகும். உருகாமல் காப்பது உள்ளுக்குள் ஓடும் குளிர்ந்த காற்று. காற்று வெளியே வர, ஒவ்வொரு பிளேடிலும் ஊசி முனை அளவில் பதினேழு ஓட்டைகள். தங்கை ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை நுழைத்துப் பார்ப்பாள். பிறகு பிளேடைக் குழாயில் பொருத்தித் தண்ணீர் விடுவாள். பதினேழு தாரையும் சீப்பின் பல் மாதிரி நேராக நிற்க வேண்டும். ஒரு பல் கோணினாலும் பிளேடைத் தள்ளி வைத்துவிடுவாள். தொழிற்சாலையில் அவளுக்குக் 'கம்பி' என்று பெயர் வைத்தார்கள்.

பிளேடுகளோடு போகும் சோதனைத் தாளின் அடியில் 'பரிசோதித்தவர்' என்று ஒரு கட்டம். தங்கையைப் போல உதவியாளர் பதவியில் இருப்பவர் அதில் பேனா வைக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கட்டத்தில் ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். அவர் பேனாவின் மூடி தங்க நிறம், அதனால் 'தங்கப் பேனா'. மாலையில் வருவார், தாளைப் புரட்டுவார், கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். பிளேடைக் கையில் எடுத்தும் பார்க்க மாட்டார்.

"கம்பி புள்ள பெத்துக் குடுக்குது, தங்கப் பேனா பேர் வைக்குது" என்று பேருந்தின் பின்வரிசையில் தொழிற்சாலைப் பெயின்டர் ஒருவர் சொல்வார்.

"பேர் வச்சாப் பரவால்லண்ணே. அப்பான்னுல்ல எழுதிக்கிறாரு" என்பாள் தங்கை. பின்பாதி பேருந்து சிரிக்கும். முன் இரண்டு வரிசை ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்.

தேர்வில் தேறிய பிறகும் பரிசோதகர் பதவிக்கான உத்தரவு வரவில்லை. மேலே போயிருக்கிறது என்றார்கள். எட்டு வருஷம் மேலேயே இருந்தது.

பதினேழாம் வருஷம் ஒரு மெஷின் வந்தது. பிளேடுக்குள் காற்றை ஊதி, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து, நாற்பது நொடியில் பச்சை விளக்குப் போடும். தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு பிளேடுக்குப் பன்னிரண்டு நிமிஷம். இனி தண்ணீர் வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது. அவள் பிரிவுத் தலைவரிடம் போனாள்.

"சார், அது மொத்தத்தத்தான் அளக்குது. ஒரு ஓட்டை அடைச்சிருக்கு, பக்கத்து ஓட்டை பெருசா இருக்குன்னு வைங்க. மொத்தம் சரியாத்தானே வரும்?"

"அந்த மெஷினுக்கு உன்னவிடப் படிப்பு ஜாஸ்திம்மா" என்றார் தலைவர்.

அன்று மாலை எல்லாரும் இறங்கிய பிறகு அண்ணனிடம் இதைச் சொன்னாள். அவருக்கு உடனே விளங்கியது. "நாப்பது சீட்டு, நாப்பது பேரு. கணக்கு சரி. ஆனா ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காந்திருக்கான், ஒரு சீட்டு காலியாக் கெடக்கு. அதானே?"

"அதேதான். இது ஒனக்கு விளங்குது, அவருக்கு விளங்கல."

"அவரு முன்சீட்டும்மா. திரும்பிப் பாத்தாத்தானே தெரியும்."

மெஷின் பச்சை காட்டிய பிளேடுகளையும் அவள் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்புறம் பெரிய சோதனை வந்தது. இன்ஜினை நூற்றைம்பது மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் விமானத்தில் ஏறும். எண்பத்துநான்கு பிளேடு கொண்ட ஒரு தொகுதி தயாரானது. மெஷினில் எல்லாம் பச்சை. தாளில் கையெழுத்துப் போட வேண்டிய காலையில் தங்கப் பேனாவுக்கு முதுகு வலி, விடுப்பு. கம்பி தனியாகத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும், மூன்று பிளேடைப் பார்த்து முகம் சுளித்ததும் அவர் காதுக்குப் போயிருந்தது.

மதியம் தங்கை பேருந்துக் கொட்டகைக்கு வந்தாள். அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரு தாளை நீட்டினாள். பரிசோதகர் பதவி உத்தரவு. இன்று முதல்.

அவர் இடது கையால் வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தார். கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ நாள் எங்க இருந்துச்சு இது?"

"தலைவரு மேசை டிராயர்ல. பழைய உத்தரவுதான், தேதிய மட்டும் மாத்திருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தத் தொகுதிக்கு நான் கையெழுத்துப் போடணுமாம்."

"போட்டுட்டு வாயேன்."

"எண்பத்தி நாலுல மூணு சரியில்லண்ணே. ஒவ்வொண்ணுலயும் ஒரு தாரை வரவே இல்ல. பக்கத்துல ரெண்டு பங்கு வருது."

அண்ணன் டப்பாவை மூடினார். அதன் பிறகு சொன்னதை அவர் இன்றுவரை மறக்கவில்லை. "பத்தொம்பது வருஷம்மா. மூணு பிளேடுக்காகவா விடுவ? மெஷின் பச்சை காட்டுது, நீயும் பச்சைன்னு போடு. பேசாம போட்டுட்டு வா."

அவள் கோபப்படவில்லை. பேருந்தின் முன் சக்கரத்தைக் காலால் லேசாகத் தட்டினாள். "இந்த வண்டிக்குப் பிரேக் பிடிக்கலன்னு வை. காலையில தாள்ல நீ போடுவியா?"

அவள் உத்தரவை நான்காக மடித்துக்கொண்டு போனாள்.

மாலையில் வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வீட்டுத் தெருமுனையில் அவளை இறக்கிவிடும்போது அவர் கேட்டார்: "போட்டியா?"

"போட்டேன்."

"எதுல?"

"சிவப்புல." குறையுள்ள பிளேடை வேண்டாமென்று ஒதுக்கும் சீட்டு சிவப்பு நிறம், மூன்று பிரதி.

மறுநாள் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தட்டச்சில் பிழையாம். தங்கப் பேனாவின் முதுகு இரண்டே நாளில் நேரானது. தலைவரே கூப்பிட்டுச் சொன்னதால், அதே தொகுதிக்கு, மூன்று பிளேடையும் சேர்த்து, தங்கப் பேனாவே கையெழுத்துப் போட்டார். இன்ஜின் ஓடியது. அறுபத்தோராம் மணி நேரத்தில் ஒரு பிளேடு உருகி முறிந்து மற்றவற்றையும் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் பேருந்துக் கொட்டகை வரை கேட்டது. ஆளுக்குச் சேதமில்லை. இன்ஜினில் மிச்சமில்லை.

விசாரணை நடந்தது. ஸ்டோரில் கிடந்த சிவப்புச் சீட்டின் மூன்றாம் பிரதியைத் தோண்டி எடுத்தார்கள். தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அறிக்கையில் எழுதியிருந்தது இது: குறையைப் பரிசோதனைப் பிரிவு முன்னதாகவே கண்டுபிடித்திருந்தது, அதன் தலைவரின் விழிப்பு பாராட்டுக்குரியது. அவர் தலைமை அலுவலகத்துக்கு உயர்ந்தார். தங்கைக்கு வந்தது விளக்கம் கேட்டு ஒரு கடிதம். சுற்றறிக்கை வேண்டாமென்ற தண்ணீர்ச் சோதனையை யார் அனுமதியில் செய்தாய்? பிறகு அவளைக் கையுறையும் மேலங்கியும் வழங்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே முக்காலி இருந்தது. அவள் வாங்கியது அல்ல, வேறு.

மூன்று வருஷம் கழித்து அந்த விமானம் பறந்தது, வெளிநாட்டில் வாங்கிய இன்ஜினோடு. ஊழியர்கள் எல்லாரையும் கை தட்ட முற்றத்தில் நிறுத்தினார்கள். அண்ணனும் நின்றார். மாலையில் பேருந்தில் பெயின்டர் திரும்பிக் கேட்டார்: "கம்பி, நீ கை தட்டலயா?"

"கையுறை எண்ணிட்டிருந்தேண்ணே. ரெண்டு கைக்கும் வேலை." யாரும் சிரிக்கவில்லை.

உத்தரவு மறுபடி வரவே இல்லை. கையுறை அறையிலிருந்தே ஓய்வு பெற்றாள். கடைசி நாளில் ஸ்டோர்காரர் பேருந்து வரை வந்து, அந்தச் சிவப்புச் சீட்டின் நகல் ஒன்றை அண்ணன் கையில் கொடுத்தார். "இது உங்க வீட்ல இருக்க வேண்டியது, டிரைவரே."

வீட்டில் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிளேடு எண் 19, 46, 47. காரணம்: ஒரு ஓட்டை அடைப்பு, பக்கத்து ஓட்டை அகலம். 'பரிசோதித்தவர்' கட்டத்தில், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, அவள் முழுப் பெயர். பத்தொன்பது வருஷம் அவளுக்கு மறுத்த இடத்தில் ஓர் எழுத்தும் கோணாமல் உட்கார்ந்திருந்தது. தங்கை அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொட்டகைப் படிக்கட்டில் தான் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, வராமல், அவர் மறுபடி தாளைப் பார்த்தார். பெயருக்குக் கீழே, அவள் கையாலேயே, அவள் பரிசோதகராக இருந்த அந்த ஒரே நாளின் தேதி:

8 நவம்பர் 2011.