துக்கம் கேட்கப் போன வேன்

அம்மா கமலவேணி இந்தத் தை மாதம் இறந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவரைப் பிரெஞ்சு டீச்சர் என்று சொன்னால்தான் தெரியும். நான் அவர் மகள், மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அம்மா பிறந்தது பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில். படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்த அப்பா பாலசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்டுச் சேலம் வந்தார். எழுபத்து நான்கில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார்.

வந்தவர்கள் யாருக்கும் பிழைப்புக்குப் பிரெஞ்சு தேவையில்லை. அந்த ஜனங்கள் வாழும் விதத்தின் மேல் ஆசை, அவ்வளவுதான். ஜவுளிக்கடை சின்னராஜ் ஒரு பாரிஸ் காலண்டரைப் பார்த்து மயங்கியவர்.

"அவிங்க ரெண்டு மணி நேரம் உக்காந்து திங்கறாங்களாமா. நான் நின்னுகிட்டே தின்னுட்டு கல்லாவுக்குப் போயிர்றேன். ஒருக்கா அப்படி உக்காந்து பாக்கோணுங்க டீச்சர்" என்றார்.

ஓய்வுபெற்ற நர்ஸ் முத்தாயம்மாள் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளிடம் வேலை பார்த்தவர். "முப்பது வருசம் என்னைத் திட்டுனாங்க. என்னன்னு திட்டுனாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்பார்.

வருஷா வருஷம் ஜூலை பதினான்காம் தேதி பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். அதற்கு அம்மா இவர்களை வேனில் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போவார். காலையில் பிரெஞ்சுப் படையில் இருந்த பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு நடப்பதைப் பார்ப்பார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி வாங்குவார்கள். வெள்ளைக்காரத் தெருக்களில் வீடு வீடாக நின்று, ஜன்னல் ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்பார்கள். இரவுச் சாப்பாடு மதாம் லூசி வீட்டில். அம்மாவுக்குப் பள்ளியில் பாடம் சொன்னவர். கணவர் போன பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர். அவருக்குத் தமிழ் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும்.

ஆறு பேருக்கு மேல் அம்மா சேர்ப்பதில்லை. மதாமின் மேஜைக்கு ஏழு நாற்காலி. ஒன்று மதாமுக்கு. அம்மா நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றபடி இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்வார். பிறகு சமையலறையில் சாப்பிட்டுக்கொள்வார்.

எண்பத்து மூன்று சித்திரையில் அப்பா இறந்தார். வருஷம் திரும்பும்வரை அடுத்தவர் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றார் பெரியப்பா தங்கமுத்து. அம்மா மறுத்துப் பேசவில்லை. வகுப்பை நிறுத்தினார். இந்த வருஷம் நீங்களே போய் வாருங்கள் என்று ஆறு பேருக்கும் சொல்லியனுப்பினார். அப்பா போனதிலிருந்து அவர் அழவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பயணமும் நின்றுபோனால் அம்மா திரும்பவும் எழ மாட்டார் என்று பயந்தேன்.

சாப்பாடு வேண்டாம் என்று சொல்லச் சின்னராஜ் கடையிலிருந்து மதாமுக்கு டிரங்கால் போட்டார். மறுநாள் முத்தாயம்மாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா கூடத்தில் இருந்தார்.

"ஏனுங்க, கெட்டதுக்குப் போலாமில்லீங்க?" என்று முத்தாயம்மாள் அவரிடம் கேட்டார்.

"எழவுக்குப் போறதுக்கு என்ன தடை?"

"டீச்சருக்குப் பாடஞ்சொன்ன மதாமுக்குத் தங்கச்சி செத்து ரெண்டு மாசமாச்சுங்க. பிரான்சுல. டீச்சரும் நாங்க ஆறு பேரும் இன்னும் போய் ஒரு வார்த்தை கேக்கலீன்னா ஊரு என்ன பேசும்?"

"எந்த ஊரு?"

"பாண்டிச்சேரிதானுங்க."

"உனக்கு யாரு சொன்னா?" என்று சின்னராஜைப் பார்த்தார் பெரியப்பா.

"மதாமே சொன்னாங்க. போன்ல, பிரெஞ்சுலதான். தங்கச்சி, செத்துட்டா, மே மாசம். இத்தனை வருசம் படிச்சதுல அந்த மூணு வார்த்தைதான் எனக்கு வெளங்குச்சு."

"சரி. அதுக்கெதுக்கு ஆறு பேரு?"

"எழவு கேக்கத் தனியாப் போற பழக்கம் நமக்கு உண்டுங்களா?" என்றார் முத்தாயம்மாள்.

பெரியப்பா சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "பதினாலாந் தேதிதான் போவீங்க. எனக்குத் தெரியாதாக்கும்" என்றார். பிறகு என்னிடம், "நீயும் கூடப் போ சாமி. அம்மாளுக்கு மாத்துச் சேலை எடுத்து வெய்யி" என்றார். அவரையும் இங்கே நன்றியோடு நினைக்கிறேன்.

போனோம். அந்த வருஷம் அணிவகுப்பு பார்க்கவில்லை. நேராக மதாம் வீடு. அம்மா உள்ளே நுழைந்து, ஒன்றும் பேசாமல் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். நம் பழக்கம் அது. பின்னால் ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். மதாம் திகைத்து நின்றார். அவர் தங்கைக்காக அந்த ஊரில் ஒருவரும் வந்திருக்கவில்லை. பலருக்குத் தெரியவே தெரியாது. பிறகு அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுதார். அம்மாவும் அழுதார். மதாமின் தங்கையை அம்மா பார்த்ததே இல்லை.

இருட்டும் நேரத்தில் சமையல்காரர் சூப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அம்மா அசையவில்லை.

"எழவு கேட்டுட்டுக் குளிக்காமச் சாப்பிடறதா?" என்றார்.

பெரியப்பாவைத் தவிர அது ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. மதாம் வீட்டில் ஒரே குளியலறை. வரிசையாகக் குளித்தார்கள். மதாம் பீரோவைத் திறந்து எல்லோருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தார். சமையல்காரர் சூப்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி, "நல்ல திருநாளு" என்று முணுமுணுத்தார். அம்மா கடைசியாகக் குளித்து, ஈரத்தலையோடு வந்து வழக்கமான இடத்தில், நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்.

சின்னராஜ் எழுந்தார். "உக்காருங்க டீச்சர்."

"பேச்சை மாத்திச் சொல்ல ஆள் வேண்டாமா?"

"இன்னிக்குப் பேச்சு எதுக்குங்க? நின்னுட்டுத் திங்கறது எனக்குப் புதுசா?"

சின்னராஜ் நின்றே சாப்பிட்டார். மற்றவர்கள் உட்கார்ந்து, அதிகம் பேசாமல், நெடுநேரம் சாப்பிட்டார்கள். அம்மா ரொட்டியைச் சூப்பில் தொட்டுத் தின்றார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. எல்லோரும் பேசாமல் வேனில் ஏறினோம். மதாமுக்கு அந்த முறை தெரியாது. வாசலில் நின்று, "அடுத்த வருஷம்?" என்று தமிழில் கேட்டார். அம்மா வேன் படியில் வைத்த காலை எடுத்து, திரும்பி, "வாரேன்" என்றார்.

போனார். துக்கம் கேட்டுத் திரும்பிய அடுத்த ஞாயிறே வகுப்பும் தொடங்கியது. அடுத்த ஜூலையில் மதாம் எட்டாவதாக ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். போன வருஷம், எண்பத்தெட்டு வரை அதில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டார்.

தை மாதம் ஆறு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். சொல்லாமல் எழுந்து போனார்கள்.

மதாமுக்குத் தகவல் போய்விட்டது. ஆனாலும் யாராவது நேரில் போக வேண்டும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த வேலைக்கு அது வேண்டியதில்லை. ஜூலை பதினான்காம் தேதிக்குச் சின்னராஜ் வேன் சொல்லியிருக்கிறார். குளித்த பிறகு கட்டிக்கொள்ள ஒரு மாற்றுச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.