தனி குரூப்

பத்தாம் வகுப்பு மார்க் வந்த அன்றைக்கே எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் பதினொன்றாம் வகுப்பில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கிற இரண்டாவது குரூப்பில் சேர வேண்டும். முதல் குரூப்பிலும் உயிரியல் உண்டுதான், ஆனால் அதில் கணக்கும் சேர்ந்து வரும். எனக்கும் கணக்குக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டாவது குரூப் கிடைக்காவிட்டால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிக்கூடப் பார்க்க முடியாது. இதை அப்பாவிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். பத்து தடவையும் தலையாட்டினார்.

அந்த வருடம் அப்பாவின் நினைப்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தியாகதுருகத்தில் கூட்டம் என்றாலும் போவார், சின்னசேலத்தில் என்றாலும் போவார். குத்தகை நிலத்தில் இருந்த மரவள்ளிக்கு அம்மாதான் தண்ணீர் பாய்ச்சினாள். பிற்படுத்தப்பட்டோரின் பெரிய பட்டியலில் எல்லாரோடும் சேர்த்து எங்கள் சாதியையும் அடைத்து வைத்திருக்கிறார்கள், எங்களைத் தனியாகப் பிரித்து இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மேடையில் இதற்கு என்ன வார்த்தை சொன்னார்களோ தெரியாது. மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அது 'தனி குரூப்' என்று ஆகியிருந்தது.

சேர்க்கைக்காகக் கள்ளக்குறிச்சி பள்ளிக்குப் போன அன்று, மார்க் ஷீட் நகலில் கையெழுத்து வாங்கிவர என்னை வேறு அறைக்கு அனுப்பினார்கள். அப்பா மட்டும் கிளார்க்கின் முன்னால் நின்றார். நடந்ததைப் பின்னால் அந்தக் கிளார்க்கே என்னிடம் சொன்னார். எந்த குரூப் என்று கேட்டிருக்கிறார். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தனி குரூப்பா கேட்டுகினு இருக்கோம்ங்க. கவர்மெண்ட்டு இன்னும் குடுக்கல" என்றிருக்கிறார்.

அந்தப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு மட்டும் பின்பக்கத்துக் கொட்டகையில் தனியாக நடந்தது. அப்பா அதைத்தான் கேட்கிறார் போல என்று கிளார்க் நினைத்து, தொழில் குரூப்பா, என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். வெவசாயந்தாங்க என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக்கொண்டார். நான் நகல்களோடு திரும்பி வந்தபோது வேலை முடிந்துவிட்டது என்று அப்பா சிரித்தார். எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பள்ளி திறந்த அன்று பலகையில் ஒட்டிய பட்டியலில், வேளாண்மைப் பிரிவில் என் பெயர் இருந்தது. இரண்டாவது குரூப் நிரம்பிவிட்டது என்றார் தலைமையாசிரியர். யாராவது விலகினால் பார்க்கலாம், அப்போதும் அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், பரீட்சைக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்றார்.

அப்படித்தான் கொட்டகையில் உட்கார்ந்து நாற்றங்கால் போடப் படித்தேன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்த வேலையைப் பாடமாக எழுதி மனப்பாடம் பண்ணுவது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லி மாளாது. கள்ளக்குறிச்சியில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். சனிக்கிழமைகளில் அப்பா வருவார். வெள்ளிமலையிலிருந்து வந்த சாமையோ தேனோ கொண்டு வருவார். நான் அடுப்பங்கரையை விட்டு வெளியே வர மாட்டேன். அவர்மேல் கோபம் மட்டும் இல்லை, ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் என்று வெட்கமும் இருந்தது. அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாவது குரூப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பாவுக்குச் சேலத்துக்கு மாற்றலாகியிருந்தது. ஒரு இடம் காலி. வெள்ளிக்கிழமை மதியம் பெயர்ப்பட்டியலை மூடிவிடுவோம், அதற்குள் உன் அப்பா வராவிட்டால் அடுத்துக் கேட்டிருக்கிற பையனுக்குப் போய்விடும் என்றார். எங்கள் ஊர் வழியாகப் போகிற கடைசி பஸ்ஸின் கண்டக்டரிடம் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வரவும், குரூப் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் காலையில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பள்ளியில் டவுன் பிள்ளைகள் மட்டும் பாதி வகுப்பு உட்கார்ந்திருந்தோம். சீட்டு போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மரம் விழுந்திருக்கிறது என்றால் அதில் அப்பாவின் கோடாலியும் இருக்கும் என்று மட்டும் தெரியும். என் படிப்புக்குக் குறுக்கே அப்பாவே மரம் வெட்டிப் போட்டுவிட்டார் என்று அத்தையிடம் சொல்லி அழுதேன். அத்தை சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி வரை ஆபீஸ் வாசலிலேயே நின்றேன். அந்தப் பையனும் அவனுடைய அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள், நடந்தே வந்துவிட்டார்கள். அந்த அப்பா என்னைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டுக்குள் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. வலது தோளில் சட்டை கிழிந்திருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார். முதல் நாலு மரம் எங்கே ஏறலாம் என்று தெரியும், வெட்டினதே நான்தான் என்றார். மற்ற இடங்களில் காவலுக்கு நின்றவர்கள், நம்ம ஆளே மறியலை உடைக்கலாமா என்று மடக்கினார்களாம். குரூப் விஷயமா கள்ளக்குறிச்சி ஆபீசுக்குப் போறேன் என்று இவர் சொன்னதும், இயக்க வேலையாகத்தான் போகிறார் என்று நினைத்து வழி விட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் டீயும் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் அப்பாவைப் பார்த்து நான் சிரித்தது அன்றுதான்.

கிளார்க் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்த முறை பேனாவைக் கையில் எடுக்காமல், எந்த குரூப் என்று கேட்டார். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"செடி கொடியும் ஆடு மாடும் படிக்கிற குரூப்புங்க. எங்க ஆளுங்களுக்கு இல்லீங்க. எம் பொண்ணுக்கு."

கிளார்க் பேனாவை எடுக்காமல் என்னைப் பார்த்தார். தாவரவியலும் விலங்கியலும் சார் என்றேன். அதன் பிறகுதான் எழுதினார். கோடாலிப் பிடியில் கொப்புளம் வந்த கையால் அப்பா கையெழுத்துப் போட்டார். பெஞ்சிலிருந்த பையன் எழுந்து போனதையும் பார்த்தேன். அவனுக்காக அன்று நான் வருத்தப்படவில்லை.

அந்த வாரம் வேறு ஊர்களில் குடிசைகள் எரிந்ததாகவும் உயிர்கள் போனதாகவும் பின்னால் பேப்பரில் வந்தது. அத்தை வாசித்துக் காட்டினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அதன் பிறகு அவர் கூட்டங்களுக்குப் போனது குறைந்துவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கியபோது எங்களைத் தனியாகப் பிரித்து அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். மேலே பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களைக் கேட்டிருந்தார்கள். எழுதினேன். கீழே எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று கேட்டிருந்தார்கள். கட்டங்களுக்கு நடுவே எங்களுக்கென்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டுவிட்டு, அது என்ன என்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் மை காயாத அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், அழிந்துவிடப் போகிறதே என்று தொடாமல் விரலை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இத்ததான் பாப்பா அன்னிக்கே அந்த கிளார்க்காண்ட சொன்னேன்" என்றார்.