பி.முட்லூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்

2011 ஜூன், காலை எட்டரை மணி. கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். சேலத்தில் பொருளாதாரம் கற்பிக்கும் நான், அண்ணாமலை நகரில் ஒரு கருத்தரங்கில் பேசப் போய்க்கொண்டிருந்தேன். கல்விக்குச் செலவிடும் ஏழை நாடுகள் வளர்கின்றனவா என்பது தலைப்பு. வளரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் பெரிய அட்டைப்பெட்டி. கண்டக்டர் அதைக் கீழே வைக்கச் சொன்னார்.

"மைக்ராஸ்கோப்புண்ணே. கீழ வச்சா ஆடிப்போயிடும்."

பெயர் ஸ்டெல்லா. அரசுப் பள்ளியில் படித்து, லேப் டெக்னீஷியனாகிச் சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். சொந்த ஊரான பி.முட்லூரில், மாமாவின் காலிக் கடையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் திறக்கப் போகிறாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அவளுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"செல்போன் கடைக்காரங்க எடத்த கேக்குறாங்களாம் சார். மாமா அவுங்களுக்கே விட்டுடலாம்னு பாக்குறாரு."

"என்ன செய்யப்போறீங்க?"

"நேர்ல பேசுறேன். ஒரு சுகர் டெஸ்ட்டுக்குக்கூட எங்க ஜனங்க சிதம்பரம் போவணும். அது அவருக்கும் தெரியும்."

பி.முட்லூரில் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். காத்திருந்த மாமா சொன்னது ஜன்னல் வழியே கேட்டது: "இவ்ளோ படிச்சுட்டு ஏம்மா இங்க வந்து உக்கார்ற? மெட்ராஸ்லயே இருந்திருக்கலாம்ல?" அவள் வாய் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

கருத்தரங்கில் என் கட்டுரைக்குக் கைதட்டினார்கள். பிறகு ஒரு மாணவி எழுந்தாள். "படிச்சவங்க எல்லாம் வெளியூர் போயிட்டா, அந்த ஊருக்கு என்ன சார் கெடைக்கும்?" ஏதோ சொன்னேன். எனக்கே போதவில்லை.

மறுநாள் திரும்பும்போது பி.முட்லூரில் இறங்கி விசாரித்துப் போனேன். கடை திறந்திருந்தது. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அவரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிச் சம்மதிச்சார்?"

"ஊருப் பொண்ணுங்க ரெண்டு பேர வேலைக்கு வச்சுக்குறேன், மூணு மாசம் பாருங்கன்னேன்."

"செல்போன் கடை இந்த ரோட்டுல ஜாஸ்தி. இது ஒண்ணுகூட இல்ல," என்றார் மாமா, திரும்பாமலே.

அரசு அவளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது. படித்தவள் திரும்பி வர, ஒருவர் கடையைத் திறந்துவிட வேண்டியிருந்தது. என் கட்டுரையில் அந்தப் பகுதி இல்லை. சேலத்தில் எங்கள் வீட்டு முன்கடை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பிசியோதெரபி முடித்த பக்கத்து வீட்டுப் பெண் கோவையில் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

கடலூர் பஸ்ஸில் இடம் பிடித்ததும் தம்பியை அழைத்தேன். கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.