எந்தக் கோயிலுக்கும் போகாத பாதயாத்திரை

இன்னைக்குப் பெரம்பலூர்லேருந்து அரியலூருக்கு நடந்தேன் மக்களே. நான் யாருன்னு எனக்கே தெரியணும், அதுக்குத்தான். நடந்த வேகத்துல டவுன் பஸ்ஸே எனக்குப் பின்னாடிதான் வந்துச்சு.

பாதி வழியில ரோட்டோரக் கிணத்துல தண்ணி கிடக்குதான்னு எட்டிப் பார்த்தேன். பின்னாலேருந்து ஒரு கை என் சட்டையைப் புடிச்சு இழுத்துச்சு. எதிர்த்தாப்ல டீக்கடை வச்சிருக்கிற அம்மா.

"எந்தக் கோயிலுக்கு நடக்குறீங்க?"

"கோயிலுக்கு இல்லைங்க. என்னைத் தேடி நடக்குறேன்."

அந்தம்மா முகம் மாறிடுச்சு. "வூட்ல எதாச்சும் சண்டையா அண்ணே?"

அதுக்குள்ள இருநூறு பேர் கூடிட்டாங்க. என்னை பெஞ்சுல உக்கார வச்சு, ரெண்டு பக்கமும் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் போலீசைக் கூப்பிடலாம்னாரு. கூப்பிட்டா என் நடை அங்கேயே முடிஞ்சுபோயிடும். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. பயம் இல்லை, நடந்து வந்த வேகம்.

அந்தம்மா என் போனை வாங்கி, ஸ்பீக்கர்ல போட்டு என் சம்சாரத்தைக் கூப்பிட்டுச்சு.

"உங்க வூட்டுக்காரர் கிணத்தை எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னாருங்க. தன்னைத் தேடுறேங்கிறாரு."

ஸ்பீக்கர்ல என் சம்சாரம் குரல் கடை முழுக்கக் கேட்டுச்சு.

"அவரு சாவுற ஆளு இல்லைங்க. பேசியே அடுத்தவங்களைச் சாவடிக்கிற ஆளு. விடுங்க, நடக்கட்டும். வூடு இன்னைக்குத்தான் அமைதியா இருக்கு."

கையை விட்டுட்டாங்க. அந்தம்மா மட்டும் கிணத்தைத் தாண்டுற வரைக்கும் கூடவே வந்துச்சு.

அரியலூர் வந்து சேர்ந்துட்டேன். ஆனா நான் யாருங்கிறது பாதி வழியிலேயே தெரிஞ்சுபோச்சு, அதுவும் ஸ்பீக்கர்ல. உங்க வூட்டுக்குப் போன் போட்டா உங்களைப் பத்தி என்ன சொல்லுவாங்க? தைரியம் இருக்கிறவங்க கமெண்ட்ல போடுங்க.